மாப்பிள்ளையை விற்ற பிறகு

மார்ச் 3

சின்னவளுக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். கடிதத்தைத் தடுக்க முடியாது. தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார். போன மாதம் நான் சொன்ன சொல்லுக்குத்தான் இந்தத் தண்டனை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது தலைக்கு மேல் வெள்ளம் போகிறது.

நேற்று புகைக்காரர் வந்தார். நம் பன்றிகளின் பின்தொடையை உப்பில் புதைத்து, மாதக்கணக்கில் புகையில் தொங்கவிட்டு விற்கிறாரே, அவரேதான். இரண்டு தொடைகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து சமையலறை மேசையில் தொப்பென்று போட்டார். விரல் முட்டியால் ஒன்றைத் தட்டினார். டொக் டொக் என்றது.

"இது தொடையா, கதவாம்மா?" என்றார்.

அறுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக, வறண்டு, நார் நாராக இருந்தது. மேலே கொழுப்பு என்று பார்த்தால் நகத்தளவு. "முன்னெல்லாம் உங்க பன்னிக்கு மேல நாலு விரல் கொழுப்பு நிக்கும். சதைக்குள்ளயும் இழை இழையா ஓடும். அது இருந்தாத்தான் உப்பு மெதுவா இறங்கும். இப்ப உப்பு உள்ள பூந்து விறகாக்கிடுது. இனிமே உங்க பன்னி எனக்கு வேணாம்மா. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றார். மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது?

இவை எல்லாம் நீ வேலை செய்யும் இனப்பெருக்க நிலையத்து ஆண்பன்றியின் விந்தை நீ பாட்டிலில் அடைத்து அனுப்ப, அதில் பிறந்த குட்டிகள். தீவனம் குறைவாகத் தின்னும், கிடுகிடுவென்று வளரும் என்றாய். வளர்ந்தன, யார் இல்லை என்றது? நான் கேட்டேனா இல்லையா, "ஒல்லியாயிடாதா?" என்று? அதற்காகவே தாய்ப்பன்றிகளின் காதோரம் ஒரு துண்டு வெட்டி வாங்கி, ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டு, "அக்கா, உன் பொண்ணுங்ககிட்ட கொழுப்பு மரபணு பத்திரமா இருக்கு, பயப்படாதே" என்றாய். உன்னைத்தானே நம்பினேன்?

புகைக்காரர் வாங்காவிட்டால் இந்தக் கொட்டில் எதற்கு? ஒல்லிப் பன்றிக்குப் பெரிய பண்ணைகள் வரிசையில் நிற்கின்றன. அவர்களுக்கு நடுவே பத்துப் பதினோரு தாய்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதில் போடு. கோபத்தோடாவது போடு.

அக்கா


மார்ச் 10

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தொடை பற்றி எழுதியதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தாய்ப்பன்றிகள் பற்றி நான் சொன்னதில் தவறில்லை. பாதிப் பேரிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதியுமே கொழுப்பு வகை. மீதிப் பேரிடம் ஒன்று கொழுப்பு, ஒன்று ஒல்லி. ஆனால் இந்த ஒரு மரபணுவுக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. குட்டிக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதியும் அம்மாவிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன, இல்லையா? சதையிலும் முதுகிலும் அப்பா கொடுத்த பிரதி மட்டும்தான் பேசும். அம்மா கொடுத்தது உள்ளேயே இருக்கும், வாயைத் திறக்காது. அதனால் எங்கள் ஒல்லிப் பாட்டிலில் பிறந்த குட்டி, தாய் எவ்வளவு கொழுத்தவளாக இருந்தாலும், ஒல்லிதான். கொழுப்புக்கு இது ஒன்றே காரணம் இல்லை. பசிக்கு ஒரு மரபணு இருக்கிறது, சதைக்குள் ஓடும் இழைக்குப் பல இருக்கின்றன, தீவனமும் இருக்கிறது. ஆனால் உன் மந்தையில் பெரிய வித்தியாசம் காட்டியது இதுதான்.

இதற்காகத்தான் பாட்டிலைச் சில தாய்களுக்கு மட்டும் போடு, புகைக்காரருக்குப் போகிற குட்டிகள் உன் பழைய ஆண்பன்றி மாப்பிள்ளைக்கே பிறக்கட்டும் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளைதான் இருக்கிறானே, இனி எல்லோருக்கும் அவனையே விடு. அவனுக்கு இரண்டும் கொழுப்பு வகை என்று அவனுடைய மகள்களைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்த ஈற்றிலேயே முதுகுக் கொழுப்பு திரும்பி வந்துவிடும்.

அவன் கால் வலி எப்படி இருக்கிறது?

தங்கை


மார்ச் 15

சின்னவளுக்கு,

மாப்பிள்ளையை விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்நேரம் யார் யாருடைய வயிற்றிலோ இருப்பான்.

"நினைத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ நினைத்தது எனக்கு எப்படியடி தெரியும்? நீ நாள் முழுக்க ஆண்பன்றிகளோடு இருக்கிறாய். உனக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. எனக்கு யார் சொன்னார்கள்? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறது. தாய்களிடம் கொழுப்பு பத்திரமாக இருக்கிறது என்றாய். சரி, அப்படியானால் இந்த நொண்டி மாப்பிள்ளை எதற்கு, உட்கார்ந்து தின்கிறான், என்னைத் தொடையில் வேறு கடித்துவிட்டான் என்று கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், பாவி. எந்த வீட்டில் பெண்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதற்காக மாப்பிள்ளையை விற்பார்கள்? நான் விற்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பன் கொடுத்ததுதான் பேசும், அம்மா கொடுத்தது வாயைத் திறக்காது என்று ஆய்வுக்கூடத்திலிருந்து நீயே எழுதுகிறாய். போன மாதம் போனில் நான் சொன்னதும் அதைத்தானே? "உன்கிட்ட அம்மா ஜாடை ஒரு பொட்டு கிடையாது, அப்படியே உங்கப்பன்" என்றேன். போனை வைத்தாய், எண்ணைத் தடுத்தாய். எனக்கு ஒரு அப்பன், உனக்கு ஒரு அப்பன், நடுவில் அம்மா ஒருத்தி. உன் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போனார். நீயும் அம்மாவை மண்ணில் வைத்த மறுவாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

புகைக்காரர் நாலு ஊர் விசாரித்துவிட்டார். எங்கேயும் பழைய கொழுப்பு ஆண்பன்றி இல்லை. எல்லோரும் பாட்டில் மாப்பிள்ளைதான். முடிவு செய்துவிட்டேன். மாதக் கடைசியில் லாரி வரும். தாய், குட்டி எல்லாம் போகட்டும். வீட்டைப் பூட்டிவிட்டு, பெரிய பண்ணை எதிலாவது கூலிக்கு நிற்கப் போகிறேன். உன் பங்குச் சாமான்கள் ஏதாவது வேண்டுமென்றால் அதற்குள் எழுது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

லாரியை நிறுத்து.

இதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்த அன்றே பேனாவை எடுத்தேன். எழுதினேன், கிழித்தேன். வேலைக்குப் போனேன். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மேலாளரிடம் திட்டு வாங்கினேன். நீ சொன்னது உண்மையோ என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உண்மைதான், மூக்கு அவருடையது. நான் என்ன செய்ய முடியும், சொல்? மூக்கைக் கேட்டு வாங்கி வந்தேனா?

அதை விடு. நீ ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டாய். அம்மா கொடுத்தது பேசாது என்றுதான் எழுதினேன். செத்துப்போகிறது என்று எழுதவில்லை. அந்த ஒல்லிக் குட்டிகளுக்குள் தாயிடமிருந்து வந்த கொழுப்புப் பிரதி அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு ஆண் குட்டி வளர்ந்து தகப்பனானால், அதையே தன் குட்டிகளில் பாதிக்குக் கொடுப்பான். அப்போது அது அப்பா கொடுத்தது ஆகிவிடுகிறது. வாயைத் திறக்கும். பார்ப்பதற்கு அவன் ஒல்லியாகத்தான் இருப்பான், ஆனால் அவனுடைய குட்டிகளில் பாதிப் பேருக்கு முதுகில் கொழுப்பு நாலு விரல் நிற்கும். புரிகிறதா? மாப்பிள்ளை இன்னும் உன் கொட்டிலில்தான் இருக்கிறான், மகள்களுக்குள்ளே.

உனக்கு வேண்டியது ஒரே ஒரு காயடிக்காத பேரன். பிறந்த வாரமே எல்லா ஆண் குட்டிகளுக்கும் காயடித்துவிடுவது உன் வழக்கம், அதனால் இப்போது ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான். சினையாக இருக்கிற தாய்களை மட்டுமாவது வைத்துக்கொள். இரண்டு பிரதியும் கொழுப்பாக உள்ளவர்களின் காது எண்களை இதோடு வைத்திருக்கிறேன். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனும் நிச்சயம் சுமப்பான்.

இன்று உன்னைப் போனில் கூப்பிட்டேன். ஆமாம், தடுப்பை எடுத்துவிட்டேன். மணி போகவே இல்லை. என்ன ஆயிற்று? இந்தக் கடிதம் லாரிக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

தங்கை


மார்ச் 30

சின்னவளுக்கு,

நீ தடுத்தாய் என்று நானும் உன் எண்ணைத் தடுத்தேன். வேறென்ன ஆகும்? அதிலாவது நாம் அக்கா தங்கைதான்.

லாரி சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஓட்டுநர், "வேற பக்கம் ஒரு லோடு இருக்கும்மா, இப்பவே ஏத்திக்கறேன்" என்றார். நானும் தலைவலி சீக்கிரம் தீரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டேன். உன் கடிதம் வந்தபோது கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவ வேண்டிய அவசியமே இல்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். கடிதம் முழுக்க நனைந்துவிட்டது, ஆனால் காது எண்களைப் படிக்க முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள், அடி. ஒருத்தி பாக்கியில்லை.

அத்தை மட்டும் இருக்கிறாள். விருந்துக்கு வந்த அத்தை மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாளே, அந்தக் காதுமடங்கிப் பன்றி. ஏற்றுப்பலகையில் பாதி தூரம் போனவள் பொத்தென்று படுத்துவிட்டாள். ஓட்டுநர் தள்ளினார், நான் இழுத்தேன், தொட்டியில் தீவனத்தைக் காட்டினேன். தின்றாள், நகரவில்லை. "இதுக்கு மேல எனக்கு முதுகு இல்லம்மா" என்று அவளை அப்படியே கீழே சரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சினை. மே மாதம் ஈனுவாள்.

உன் பட்டியலில் தேடினேன். அவள் எண் இல்லை. இரட்டைக் கொழுப்புக்காரிகள் எல்லாம் போக, இந்த ஒற்றைக்காரிதான் மிஞ்சினாளா? என் நேரத்தைப் பார்.

இன்னும் வீட்டைப் பூட்டவில்லை. இவளை விட்டுவிட்டு எப்படிப் பூட்டுவது?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

ஒற்றைக்காரியாக இருந்தாலும் போதும். பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டுவது போலத்தான், ஆனால் எத்தனை மகன்களோ அத்தனை தடவை சுண்டலாம்.

காயடிக்கிறவரைக் கூப்பிடாதே. பிறந்ததும் ஆண் குட்டிகளின் காதோரம் துண்டு வெட்டி, முன்பு போலவே தனித்தனிக் குப்பியில் போட்டு அனுப்பு. அவளைக் கொழுக்க விடாதே, பிரசவம் கஷ்டமாகும். வெயிலில் விடாதே. எனக்கு இங்கே ஒன்றும் ஓடவில்லை. ஆண்பன்றிகளைப் பார்த்தால் எல்லாமே பலகை முதுகு. பத்து வருடத்துக்கு முன்னாலேயே கொழுப்பு வகை ஒன்றைக்கூட விடாமல் களைந்துவிட்டோம். அதற்கு நிலையத்துக்குப் பரிசு கூடக் கொடுத்தார்கள்.

போனில் கூப்பிடலாம் என்று எடுத்தேன். கூப்பிடவில்லை. பேசினால் கத்துவோம்.

தங்கை


மே 19

சின்னவளுக்கு,

ஈன்றுவிட்டாள். ஏழு குட்டி. ஒன்றின் மேல் படுத்துக் கொன்றுவிட்டாள், எருமை. மிச்சம் ஆறு. அதில் மூன்று ஆண்.

இந்த ஒன்றரை மாதம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. பத்து அறைக் கொட்டிலில் ஒரே ஒரு பன்றி. விடிந்தால் எல்லா அறைக்கும் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்புகிறேன், காலுக்குப் புத்தி இல்லை. புகைக்காரருடைய உப்பு அறையில் பகலில் வேலைக்குப் போகிறேன். அவரும் தினம் கேட்கிறார், "அத்தை என்ன சொல்றா?" என்று. அவருடைய புகைக்கூடத்திலும் கொக்கிகள் வெறுமனே தொங்குகின்றன. ஒல்லித் தொடையை வாங்கிப் போட அவருக்கும் மனசு வரவில்லை.

காயடிக்கிறவர் தானாகவே வந்து நின்றார், வழக்கம் போல. திருப்பி அனுப்பினேன். "பெரிசாச்சுன்னா நாறும்மா, அப்புறம் கறி யாரு வாங்குவா?" என்றார். "இது கறிக்கு இல்லை" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். புத்தி பிசகிவிட்டது என்று இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

உன் இயந்திரத்துக்குக் காதை அனுப்பக்கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். போன தடவை காதை அனுப்பித்தானே குடி முழுகியது! அனுப்பாமல் மூன்றையும் வளர்த்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். ஆனால் மூன்று ஆண்பன்றிகளுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் ஒன்றரை வருடம் தீனி போட என்னிடம் என்ன இருக்கிறது? குப்பிகளை அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது குட்டி மற்றவர்களைத் தள்ளிவிட்டு முன் காம்பைப் பிடித்துக்கொள்கிறான். அவனாக இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒருவனிடமாவது இருந்தால் இருக்கிறேன். இல்லாவிட்டால் பூட்டிவிட்டுப் போகிறேன். இதற்கு மேல் என்னால் தாங்காது.

அக்கா


ஜூன் 4

அக்கா,

மூன்று பேரிடமும் இல்லை.

சோதனையை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு கூட வேலை செய்கிறவரிடம் எண்களை மறைத்துக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அதே பதில்தான். மூவருக்கும் அத்தை தன் ஒல்லிப் பிரதியைத்தான் கொடுத்திருக்கிறாள். மூன்று தடவை சுண்டியும் பூ விழவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பதில் வந்த அன்று, "மூன்றாவது குட்டியிடம் இருக்கிறது" என்று உனக்கு எழுதினேன். உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டேன். நீ வீட்டைப் பூட்ட மாட்டாய். அவனை வளர்ப்பாய், அவனுக்குக் குட்டிகள் பிறக்கும், அவை வளரும், அதற்குள் நான் ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம், வேறெங்காவது ஒரு ஆண்பன்றியைத் தேடலாம் என்று எல்லாம் கணக்குப் போட்டேன். உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன், மறுநாளும் போனேன். அப்புறம் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ ஒருமுறை என் சொல்லை நம்பி மாப்பிள்ளையை ஏற்றி அனுப்பினாய். அடுத்த முறையும் என் சொல்லை நம்பித்தான் தீவனம் போடுவாய். 

இல்லை என்பதுதான் பதில். மன்னித்துக்கொள். நீ போவதாக இருந்தால் எங்கே போகிறாய் என்று மட்டும் எழுது.

தங்கை


ஜூன் 11

அடி சின்னவளே,

உன் கடிதத்தை உப்பு அறையில் நின்றபடியே படித்தேன். முதல் வரியிலேயே உன்னைத் திட்டினேன், சத்தமாக. அத்தையையும் திட்டினேன். எத்தனையோ கொடுக்க இருக்கும்போது இதையா அள்ளிக் கொடுப்பாள் மூன்று பேருக்கும்? பிறகு மிச்சத்தைப் படித்துவிட்டு உப்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். புகைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவரிடமும் படித்துக் காட்டினேன்.

"பொய் எழுதியிருந்தா நான் ஒரு வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றேன்.

"இருந்திருப்பீங்க. அதுக்கப்புறம் உங்க தங்கச்சி மூஞ்சில முழிச்சிருக்க மாட்டீங்க" என்றார்.

உட்கார்ந்து யோசித்தேன். உங்கப்பா வாயைத் திறந்தால் பொய்தான் வரும், அது ஊருக்கே தெரியும். அவராக இருந்தால் அந்தக் கடிதம் அன்றைக்கே தபாலில் போயிருக்கும். நீ அவரைக் கொண்டு பிறக்கவில்லை. அதற்காக அம்மாவைக் கொண்டாய் என்று சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அம்மாவும் அனுப்பியிருப்பாளடி! நம் மனசு நோகக்கூடாது என்றால் அம்மா எதைத்தான் சொல்லாமல் இருந்தாள்? உங்கப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று நாலு வருடம் உன்னிடம் சொன்னவள் அவள். நீ யாரைக் கொண்டாயோ எனக்குத் தெரியவில்லை. மூக்கைத் தவிர மற்றதெல்லாம் நீயாகவே எங்கேயோ சம்பாதித்தது. போனில் நான் சொன்னது தப்பு.

காயடிக்கிறவர் நேற்று வந்து மூன்று பேருக்கும் வேலையை முடித்துவிட்டார். தாமதமாகிவிட்டது என்று முணுமுணுத்தார், மூன்றாவது குட்டி அவரைக் கடித்துவிட்டான். பெண் குட்டிகளுக்கும் ஒரு நாள் மகன்கள் பிறப்பார்களே, அதனால் அந்த மூன்று பேரின் காதோரத் துண்டையும் வெட்டிக் குப்பியில் வைத்திருக்கிறேன். தபாலில் போடப் போவதில்லை. அடுத்த வாரம் குட்டிகளைப் பிரிக்கிறேன். பிரித்த ஐந்தாறு நாளில் அத்தை மறுபடியும் பருவத்துக்கு வருவாள், எப்போதும் அப்படித்தான். இன்னொரு ஈற்று பார்த்துவிடுவோம். இதிலும் விழவில்லை என்றால் அதற்கடுத்த ஈற்று. அவளுக்கு இன்னும் வயதிருக்கிறது, எனக்கும்தான். புகைக்காரர் கொக்கிகளைக் கழற்றவில்லை.

அத்தைக்குப் போட வேண்டிய பாட்டிலைத் தபாலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. பேருந்தில் மேலே சாமான் தட்டில் வைத்துவிடாதே, சூடாகிவிடும். மடியில் வைத்துக்கொள்.

எந்த வண்டி என்று எழுது, நிறுத்தத்துக்கு வந்து நிற்கிறேன். உன்னைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று இப்போதே எனக்குப் படபடவென்று இருக்கிறது. ஒன்றும் வரவில்லை என்றால் பன்றியைப் பற்றியே பேசலாம்.

அக்கா